அம்மையப்பன் உம் கொட்டிய வாரம்

அம்மையப்பன் தம்முடைய ஞானப்பல்லைப் பிடுங்கிவிடுவது என்று முடிவு செய்ததற்குக் காரணம் பல்வலி இல்லை. பக்கத்து வீட்டு நடராஜுக்குப் பித்தப்பையில் கல் எடுத்ததுதான்.

நடராஜ் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பதினைந்து நாளும் அந்த வீட்டு வாசலில் செருப்பு விட இடமில்லை. அம்பாசமுத்திரத்துச் சம்பந்தி வந்தார். கங்கைகொண்டானிலிருந்து பழைய கம்பெனி ஆட்கள் வேன் பிடித்து வந்தார்கள். ஆப்பிளும் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாக உள்ளே போனார்கள். வந்தவர்களுக்கெல்லாம் நடராஜ் கல்லின் அளவை விரலால் காட்டினார். முதல் நாள் அது மிளகு. பத்தாம் நாள் நெல்லிக்காய். அம்மையப்பன் தம் வீட்டு கேட்டுக்குப் பின்னால் நின்று செருப்புகளை எண்ணினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முப்பத்திரண்டு ஜோடி.

அவருடைய வாசலில் இரண்டு ஜோடிதான் கிடந்தது. ஒன்று அவருடையது. இன்னொன்று அவர் மனைவி வடிவம்மாளுடையது.

அவரும் ஒரு காலத்தில் கூட்டம் பார்த்தவர்தான். சார்பதிவாளர். ஊர் ஊராக மாறிப்போய் முப்பத்தோரு வருஷம் மற்றவர்களுடைய நிலத்தைப் பதிந்து கொடுத்தவர். காலையில் அவர் ஆபீசுக்குள் நுழைந்தால் நாற்பது பேர் எழுந்து நிற்பார்கள். அவர் ஓய்வு பெற்ற மறுநாள் அந்த நாற்பது பேரும் அடுத்த சார்பதிவாளருக்கு எழுந்து நின்றார்கள். அத்தோடு சரி. மகள் புனேயில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் ஒன்பது நிமிஷம் வீடியோவில் வருவாள். அதில் ஏழு நிமிஷம் பேத்தி போனைக் கூரையைப் பார்த்துப் பிடித்திருப்பாள்.

ஆகவே அம்மையப்பன் வடிவம்மாளிடம் பேசினார். காலை ஐந்தரைக்குப் பால் பாக்கெட்டோடு ஆரம்பித்தால், ரோட்டுக் குழி, குழாயில் தண்ணீர் வராதது, பேப்பரில் வந்தது, பேப்பரில் வராதது, சாத்தான்குளத்தில் அவர் கண்டுபிடித்த போலி உயில், அதைக் கண்டுபிடித்த விதம், அதற்கு மேலதிகாரி என்ன சொன்னார் என்பது வரைக்கும் போவார். முப்பத்தாறு வருஷமாக அந்தப் பேச்சில் வடிவம்மாளின் பங்கு ஓர் எழுத்து.

"ம்."

பல் டாக்டரிடம் அவர் போனது பல்லைச் சுத்தம் செய்யத்தான். டாக்டர் ரைஹானத் மேலப்பாளையத்துப் பெண். சின்ன வயசு, பொறுமையான குரல். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டினாள்.

"சார், கீழ ரெண்டு பக்கமும் ஞானப்பல்லு நிமிந்து வராம படுத்துக் கெடக்கு. இடது பக்கத்துல உள்ளது முன்னால இருக்க பல்லை அரிக்க ஆரம்பிச்சிட்டு. அதை முதல்ல எடுத்துருவோம். வலதைப் பெறகு பாத்துக்கலாம்."

"அடுத்தவன் எல்லைக்குள்ள வந்துட்டுங்கிய."

"அப்பிடித்தான் சார்."

"வலிக்கவே இல்லையே?"

"வலிக்கதுக்கு முன்னாடி எடுத்தா நல்லது. அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

வில்லங்கம் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாத மனிதர் அம்மையப்பன். முதலில் வீட்டில் விசாரித்தார்.

"வலிக்குதா?" என்றாள் வடிவம்மாள்.

"வலிக்கல."

"ஆடுதா?"

"ஆடல."

"பெறவு அதை எதுக்கு எழுப்புதிய? படுத்துத்தான கெடக்கு? கெடக்கட்டும்."

நடராஜிடம் சுவர் வழியாகக் கேட்டார். "பல்லைப் பிடுங்காட்டி பல் டாக்டர் என்ன வே செய்வாங்க? நம்பாதயும்" என்றார் நடராஜ். கூட வேலை பார்த்த பரமசிவனுக்குப் போன் போட்டார். பல்லை எடுத்தால் கண் போய்விடும் என்றார் பரமசிவன். அவருடைய மாமாவுக்குப் போயிருக்கிறது. என்ன வயசு என்று கேட்டார் அம்மையப்பன். தொண்ணூற்றிரண்டு.

ஒரு வாரம் நம்புவதா வேண்டாமா என்று தள்ளிக்கொண்டே போனார். அந்த வாரம்தான் நடராஜ் வீட்டில் முப்பத்திரண்டு ஜோடி. அன்று சாயங்காலமே ரைஹானத்துக்குப் போன் போட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"டாக்டர், இதை ஆபரேஷன்னு சொல்லலாமா?"

"சின்ன ஆபரேஷன்தான் சார். ஈறைக் கீறி எடுத்துத் தையல் போடணும்."

தையல்! அம்மையப்பனுக்கு டாக்டர்மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது.

வடிவம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டரிடமே நேரில் கேட்கிறேன் என்று கூட வந்தாள். சண்டை போடும் தோரணையில்தான் உட்கார்ந்தாள். ரைஹானத் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கன்னம் வீங்கும். ஆறின கஞ்சிதான். துப்பக்கூடாது. பேச்சைக் குறைக்கணும்.

சுவரில் பல் தேய்க்கும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வடிவம்மாள் திரும்பினாள்.

"பேசக்கூடாதா?"

"ஆமாம்மா. பேசினா தையல் இழுக்கும்."

"எத்தன நாளைக்கு டாக்டரம்மா?"

"எல்லாம் சீட்டுல எழுதித் தாரேன்மா."

வடிவம்மாள் கொஞ்ச நேரம் மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். பிறகு, "எடுத்துருங்க. படிச்ச பிள்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அம்மையப்பனுக்குப் பெருமையாக இருந்தது. பெண்டாட்டியைத் தம் வழிக்குக் கொண்டுவந்துவிட்டாராம்.

'நம் சொந்தங்கள்' என்ற வாட்ஸ்அப் குழுவில் அன்றே ஓர் அறிவிப்பு வந்தது. "வரும் வியாழன் காலை பத்து மணிக்கு எனக்கு ஓர் அறுவை சிகிச்சை. யாரும் கவலைப்பட வேண்டாம். பின்னர் வீட்டில் ஓய்வு. மாலை நான்கு முதல் எட்டு வரை விழித்திருப்பேன்." கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன. ஒருவர் மட்டும் "ஹார்ட்டா அண்ணாச்சி?" என்று கேட்டிருந்தார். அதற்கு அம்மையப்பன் பாதி நாள் பதில் போடாமல் வைத்திருந்து, பிறகு மனசாட்சி கேட்காமல் "பல்" என்று போட்டார்.

மொட்டை மாடியிலிருந்து ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக் கழுவினார். ஒரு டஜன் காப்பி டம்ளரை மேல்தட்டிலிருந்து எடுத்து வைத்தார். வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பையும் ஓரமாகத் தள்ளி இடம் ஒதுக்கினார். வடிவம்மாள் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை பல் வந்தது. எதிர்பார்த்ததைவிடச் சின்னது. புளியங்கொட்டை அளவுதான். சொல்லும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டார். பஞ்சைக் கடித்தபடி அவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, சீட்டை வாங்கிப் படித்தது வடிவம்மாள்.

"ஏழு நாளைக்குப் பேசக்கூடாதாம்" என்றாள்.

அம்மையப்பன் கண்ணை விரித்தார்.

"ஒரு வார்த்தகூடப் பேசப்பிடாது. 'ம்'முன்னு மட்டும் சொல்லலாமாம்."

"ம்?"

"அதான். அப்பிடித்தான்."

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வீங்கின கன்னத்தில் ஐஸ் பையோடு முன்னறையில் உட்கார்ந்தார். எதிரே ஆறு நாற்காலி. ஐந்தாயிற்று. ஆறாயிற்று. கேட் சத்தம் கேட்டது. எழுந்தே விட்டார். சிலிண்டர் போட வந்தவன். "என்ன சார் கன்னம் இப்பிடி வீங்கிட்டு?" என்று அவன் கேட்டான். "ம்" என்றார். அவன் வெறும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

சனிக்கிழமையும் யாரும் வரவில்லை. நடராஜ்கூட வரவில்லை. குழுவைத் திறந்து பார்த்தார். அவருடைய அறிவிப்புக்குக் கீழே வடிவம்மாள் எழுதியிருந்தாள். "நல்ல ஓய்வு வேண்டுமாம். யாரும் சிரமப்பட்டு வர வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்." அதற்கு நாற்பத்தோரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

கோபத்தில் ஒரு நோட்டை எடுத்து, "ஏன் இப்படிப் போட்டாய்?" என்று பெரிய எழுத்தில் எழுதி நீட்டினார்.

"கண்ணாடிய எங்கன வச்சேன்னு தெரியலயே" என்றாள் வடிவம்மாள். கண்ணாடி அவள் தலைமேல் இருந்தது.

அவர் விரலால் காட்டினார். அவள் எடுத்து மாட்டிக்கொண்டு படித்தாள். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வரணும்னு இருக்கவங்க, வராதயன்னாலும் வருவாவ" என்றாள்.

நாற்பத்தோரு கட்டைவிரல். அதில் ஒருத்தர்கூட 'இல்லை, வருகிறோம்' என்று எழுதியிருக்கவில்லை. அம்மையப்பன் நோட்டை மூடினார்.

வடிவம்மாள் அந்த ஆறு நாற்காலியில் ஒன்றை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆரும் வரல. நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"ம்" என்றார். வேறு என்ன சொல்ல முடியும்?

"அம்பாசமுத்திரத்துல இருந்தம்லா, தொண்ணூத்தி ரெண்டுல. அப்ப மத்தியானம் ரெண்டரைக்கு நான் எங்க இருப்பேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ம்ம்?"

"பஸ் ஸ்டாண்டுல."

அப்போது பிள்ளை பிறக்கவில்லை. வீட்டில் பேச ஆளில்லை. சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, வடிவம்மாள் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வாளாம். பஸ்கள் வருவதையும் போவதையும் பார்ப்பாளாம். நாலு மணிக்கு எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவாளாம். தினமும். பதிவு ஆபீஸ் அங்கிருந்து இரண்டு தெரு. அந்த ஒன்றரை மணி நேரமும் அம்மையப்பன் நாற்பது பேர் நடுவில் இருந்திருக்கிறார்.

"பெஞ்சுக்குப் பக்கத்துல இசக்கித்தாய்னு ஒரு பூக்காரி. மொத நாளு, 'எங்கம்மா போணும்?'னு கேட்டா. சும்மா உக்காந்திருக்கேன்னு சொல்ல முடியுமா? தென்காசிக்குன்னேன். அங்கன ஆரு இருக்கான்னா. பெரியம்மான்னேன்."

அவள் சிரித்தாள். அம்மையப்பனும் ஒரு பக்கக் கன்னத்தால் சிரித்தார்.

"மறுநா கேட்டா. கடையம்னேன். அங்கன சித்தி. அடுத்த நா பாபநாசம். அங்கன மதினி. ஆறு மாசத்துல எனக்குப் பதினேழு ஊருல சொந்தம் ஆயிட்டு. அவ ஒவ்வொருத்தரா ஞாபகம் வச்சிருந்து கேப்பா. 'கடையத்துச் சித்திக்கு மூட்டுவலி எப்பிடி இருக்கு?' நானும் சொல்லுவேன். ஒருநா சித்திக்கு ரொம்ப முடியலன்னேன். பாவம், அழுதுட்டா."

"ம்."

"எனக்குப் பெரியம்மாவும் கெடையாது சித்தியும் கெடையாதுன்னாவது உங்களுக்குத் தெரியுமா?"

அம்மையப்பனுக்குத் தெரியாது.

ஞாயிறும் அப்படியே போயிற்று. கஞ்சி, மாத்திரை, வடிவம்மாளின் பேச்சு. கடையத்துச் சித்தியின் மூட்டுவலி குணமாயிற்று. சாத்தான்குளத்துப் பெரியப்பா மகள் கல்யாணம் நின்றுபோய் மறுபடி நடந்தது. அம்மையப்பன் இல்லாத உறவினர்களைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கினார். நாலு மணி ஆனதைக் கவனிக்கவில்லை. கேட்டைப் பார்க்கவும் மறந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை அவள் குளிக்கப் போனபோது மாத்திரையைத் தேடினார். மாத்திரைக் கவருக்கு அடியில் டாக்டர் சீட்டு மடித்து இருந்தது. பிரித்தார்.

'முதல் 24 மணி நேரம் அதிகம் பேச வேண்டாம்.'

இன்றைக்கு ஐந்தாம் நாள்.

அம்மையப்பனுக்கு ரத்தம் தலைக்கேறியது. எவ்வளவு பேச்சு உள்ளே தேங்கிக் கிடந்தது! கண்ணாடி முன் நின்று மெல்ல ஒத்திகை பார்த்தார். "வடிவு, நீ செஞ்சது மோசடி. ஆவணத்தை மறைச்சிருக்க. என் சர்வீஸ்ல இந்த மாதிரி எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன் தெரியுமா?" வாய் நன்றாகவே வேலை செய்தது. தையல் இழுக்கவில்லை.

வடிவம்மாள் ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். வயசான அந்த முகத்தில் எப்போதும் இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது, யாரோ காத்திருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தவள் மாதிரி.

"எங்க விட்டேன்?"

அம்மையப்பன் சீட்டைச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

"ம்" என்றார்.

"ஐப்பசி மாசம். நல்ல மழ. அன்னைக்கு உங்கள்ட்ட காலைல ஒண்ணு சொல்ல வந்தேன். நீங்க ஒரு உயிலப் பத்திப் பேசிக்கிட்டே செருப்ப மாட்டிட்டுப் போயிட்டிய. மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பெஞ்சு நனைஞ்சு கெடக்கு. ஒரு பஸ்ஸு நின்னுச்சு. ஏறிட்டேன்."

அம்மையப்பன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"சன்னலோரம். வண்டிய எடுத்துட்டான். இசக்கித்தாய் மழையில ஓடி வந்து, 'அவுகள கேட்டேன்னு சொல்லுங்கம்மா'ங்கா. யாரைக் கேட்டாளோ. பஸ்ஸு பாலத்தத் தாண்டியாச்சு. ஆத்துல வெள்ளம். கண்டக்டர் வந்தாரு. 'எங்கம்மா போணும்?'னு கேட்டாரு."

நிறுத்தினாள். துண்டை அவிழ்த்துத் தலையைத் துவட்டினாள்.

"எங்க?" என்றார் அம்மையப்பன்.

அறையில் அந்தச் சொல் தனியாக நின்றது. ஐந்து நாளில் அவளிடம் அவர் பேசிய முதல் சொல். யோசித்துப் பார்த்தால், முப்பத்தாறு வருஷத்தில் அவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வியும் அதுவாக இருக்கலாம்.

"சீட்டைப் படிச்சாச்சாக்கும்" என்றாள் வடிவம்மாள். "மாத்திரய நீங்களா வேளைக்கு எடுக்குத ஆளா இருந்தா வெள்ளிக்கிழமயே படிச்சிருப்பிய."

"அது கெடக்கட்டும். எங்க போறேன்னு சொன்ன வடிவு?"

அவள் எழுந்தாள். நாற்காலியை மடக்க முடியாது, பிளாஸ்டிக். சுவரோரம் தள்ளினாள்.

"அதான் பேச ஆரம்பிச்சிட்டியள்லா. இனி எங்க கேக்கப் போறிய? வலது பக்கம் ஒண்ணு இருக்கு. மிச்சத்த அப்பச் சொல்லுதேன். பதினெட்டாம் தேதி, காலைல பத்து மணி. சொல்லி வச்சாச்சு."

அடுக்களைக்குள் போய்விட்டாள். பாத்திரச் சத்தம் கேட்டது.

அம்மையப்பன் நாக்கால் வலது பக்கக் கடைசியில் ஈறைத் தொட்டுப் பார்த்தார். ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. பதினெட்டாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். கொல்லைப்புறம் போய், குரலைத் தாழ்த்தி டாக்டருக்குப் போன் போட்டார்.

"டாக்டர், வலது பக்கத்தை நாளைக்கே எடுக்க முடியுமா?"

"ஏன் சார், வலிக்குதா?"

அம்மையப்பன் அடுக்களை ஜன்னலைப் பார்த்தார்.

"ம்" என்றார்.

"அம்மா நேத்தே சொல்லிட்டாங்க சார், நீங்க கூப்பிடுவீங்கன்னு. என்ன கெஞ்சினாலும் பதினெட்டுக்கு முன்னாடி தேதி தரக்கூடாதாம்."