மூடிய குளத்தின் முதலாளி

வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் உள்ளவர்களில் இரண்டு இனம் உண்டு. நீந்துகிறவர்கள் ஓரினம். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. குதிப்பார்கள், நனைவார்கள், துவட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பராமரிக்கிறவர்கள் மற்றோரினம். இவர்களைப் பார்க்க வேண்டுமானால் குளிர்காலத்தில் வாருங்கள். ஊரே கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் அந்த நாலு மாதம்தான் இவர்களுக்கு சீசன்.

எங்கள் அடுத்த வீட்டில் ஒருவர் இருக்கிறார். காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி. தெருவில் அவருக்குக் குளத்தார் என்று பெயர். காலை ஆறரைக்கு மஃப்ளரும் ரப்பர் பூட்ஸுமாக வந்து, குளத்தின் மேல் இழுத்துக் கட்டிய நீலத் தார்பாயின் ஓரத்தைத் தூங்கும் குழந்தையின் போர்வையைப்போல் விலக்கி, தண்ணீரைச் சோதிக்கும் ஒரு காகிதப் பட்டையை நனைத்து, அது என்ன நிறமாகிறது என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, நோட்டில் தேதி போட்டு எழுதி, தார்பாய் மேல் கிடக்கும் இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எங்கள் வீட்டு மரத்தை ஒரு முறை முறைத்துவிட்டு, பம்பைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, நேற்றில்லாத கரகரப்பு ஏதும் உண்டா என்று காது கொடுத்துக் கேட்பார். யாருக்காக? அதைத்தான் சொல்ல வருகிறேன். யாருக்காகவும் இல்லை.

கோடையிலாவது இறங்குவாரா? இறங்கினால் தண்ணீர் கெட்டுப்போகாதா! மைத்துனர் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால், "சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வாங்க" என்பார். குளித்துவிட்டு வந்தால், "சோப்பு ஒட்டியிருக்கும், நல்லாக் கழுவிட்டு வாங்க" என்பார். மூன்றாம் முறை அவர்கள் வரமாட்டார்கள். குளம் பிழைத்தது.

போன குளிர்காலத்தில் ஒரு காலை. அவர் மனைவி, பள்ளியில் கணக்கு டீச்சர், பின்வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, தலையைச் சுத்துது" என்றார்.

"ஒரு நிமிஷம் இரு, நிறம் மாறிட்டிருக்கு."

காகிதத்தைச் சொன்னார். டீச்சரின் முகமும் மாறிக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. சத்தம் கேட்டுத் திரும்பியபோது டீச்சர் தரையில் கிடந்தார்.

கல்நெஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். பூட்ஸோடு ஓடினார், பூட்ஸோடு காரை ஓட்டினார், ஆஸ்பத்திரி வரை வாய்விட்டு அழுதார். சத்தம் கேட்டு ஓடிப்போய், பின் சீட்டில் டீச்சரைத் தாங்கியபடி இருந்த நானே சாட்சி.

"பிரஷர் இருக்கா இவங்களுக்கு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இருக்குன்னு... நினைக்கிறேன்."

"என்ன மாத்திரை எடுக்கறாங்க?"

"சின்னதா, வெள்ளையா ஒண்ணு."

"கடைசியா எப்ப செக் பண்ணீங்க?"

இதற்கு மட்டும் அவரிடம் பதில் இருந்தது. "இன்னிக்குக் காலையிலதான் டாக்டர். ஏழு புள்ளி நாலு. குளோரின் மட்டும் கொஞ்சம் கம்மி."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

பிரஷர் எகிறியிருந்தது. மாத்திரை தீர்ந்து ஒரு வாரமாம். "வாங்கிட்டு வாங்கன்னு மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் குளோரின்தான் வந்தது" என்று கண் விழித்த டீச்சர் படுக்கையிலிருந்தே சொன்னார். மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரம்மா, "மூட்டு வலியும் இருக்கு. நீச்சல் ரொம்ப நல்லது. பக்கத்துல குளம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.



"இருக்கு டாக்டர்" என்றார் குளத்தார். "ஆனா இப்ப சீசன் இல்ல."

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் முதல்முறையாக டீச்சர் அவரை, தப்பாகப் போட்ட கணக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

வெயில் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை, டீச்சர் யாரையும் கேட்காமல், தார்பாயைத் தானே உருவிப் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். கரையில் நின்ற குளத்தார் கைகளைப் பிசைந்துகொண்டு, "மெதுவா... மெதுவா..." என்றார். மனைவிக்குச் சொன்னாரா, தண்ணீருக்குச் சொன்னாரா? வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நம் வீட்டில்தான் குளமே இல்லையே என்று சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் கார் டயருக்குக் காற்று எவ்வளவு? முப்பத்திரண்டு. பார்த்தீர்களா, யோசிக்கவே இல்லை! சரி, உங்கள் வீட்டம்மாவின் மூக்குக்கண்ணாடிக்குப் பவர் எவ்வளவு?

அவசரமில்லை. அவர் அசந்த நேரமாகப் பார்த்து, கண்ணாடிக்கடைச் சீட்டைத் தேடி எடுத்துப் பாருங்கள்.