மணிக்கட்டில் பூட்டிய வெட்டுக்கத்தி

அன்பும் பண்பும் நிறைந்த, அதில் பாதியை என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்ட மருமகனுக்கு,

உன் தாய்மாமன் சௌக்கியமாக இருந்து எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும், புதிதாக வந்திறங்கியிருக்கும் குட்டி மகாராணியும் நலம்தானே? முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். பெண்குழந்தை என்றேன், பெண். நீ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் பிறந்துவிடும் என்றேன், ஏறக்குறைய அப்படியே ஆயிற்று. வெட்டுக்கத்திக்குக் கைக்கயிறு கட்டினால் வில்லங்கம் வரும் என்றேன், வந்தது. கட்டாவிட்டாலும் வில்லங்கம் வரும் என்று சேர்த்தே சொல்லி வைத்திருந்தேன், அதுவும் வந்தது. இப்படி இரண்டு பக்கமும் பிசகாமல் சொல்ல நம் குடும்பத்தில் வேறு ஆள் கிடையாது. போனில் சொன்னால் "மாமா, சுருக்கமா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நீ ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது என்ன சொன்னாய்? "மாமா, இன்னிக்கு சோதனை நாளு. தண்ணிக் குழாய் போற பாதையில புதர் வெட்டிக் காட்டணும். ஆய்வாளரம்மாவுக்குப் பிடிச்சா வருஷம் பூரா வேலை நமக்கு. பிடிக்கலைன்னா எல்லாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா நில்லுங்க, போதும்." சும்மா நிற்பதா? நானா? ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் பெஞ்சு மேல் நிற்கச் சொன்னபோதுகூட நான் சும்மா நின்றதில்லை, அதனால்தான் ஆறாம் வகுப்பே வேண்டாம் என்று வந்துவிட்டேன். உன் ஆட்களின் சோறு இதில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க எனக்கு மனசு வருமா?

ஆய்வாளரம்மா காலையிலேயே வந்துவிட்டார். தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் அட்டை, முகத்தில் சிரிப்பென்பது மருந்துக்கும் இல்லை. வந்ததும் வராததுமாக, "பெரிய கத்தி பிடிக்கிற ஒவ்வொருத்தரும் கையில கயிறு மாட்டியிருக்கணும். கை வழுக்கிக் கத்தி பறந்தா எவன் மேல விழும்னு யாருக்குத் தெரியும்?" என்றார். உடனே உன் மேஸ்திரியக்கா, அவர் வாய்தான் உனக்குத் தெரியுமே, "கயிறு கட்டினா பறக்காதும்மா, திரும்பி வந்து நம்ம முழங்காலையே பார்க்கும்" என்றார். "மணிக்கட்டுல சுத்தினா அப்படித்தான் வரும். கட்டைவிரல்ல மாட்டி, புறங்கை வழியாக் கொண்டுவந்து பிடிங்க. கைய விரிச்சா தானாக் கழண்டுக்கும்" என்று ஆய்வாளரம்மா செய்தே காட்டிவிட்டார். மேஸ்திரியக்கா தலையை ஆட்டினார். ஒட்டடைக்குச்சி இருக்கிறானே, அந்த நெட்டைப் பயல், அவனும் ஆட்டினான். அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் எல்லோரும் கயிறுகளைக் கழற்றி ஒரு கிளையில் தொங்கவிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். பார்த்தாரானால் வேலை போச்சு. நாமாவது விதிப்படி இருப்போம், ஒரு ஆளாவது தேறட்டும் என்று நீ வாங்கி வைத்திருந்த புதுக் கத்தியை எடுத்தேன். அதற்குக் கயிறு இல்லை. உன் மோட்டார் சைக்கிள் பெட்டியில் ஹெல்மெட் பூட்டுகிற மெல்லிய கம்பிப் பூட்டு திறந்தபடி கிடந்தது. கயிறாவது அறுந்துபோகும், கம்பி அறுமா? கைப்பிடி ஓட்டையில் நுழைத்து, மணிக்கட்டைச் சுற்றி, நறுக்கென்று பூட்டினேன். பூட்டும்போது என்ன நம்பர் இருந்தது என்று பார்க்கவில்லை. பூட்டியதும் பாதுகாப்புக்காக மூன்று நம்பர் சக்கரத்தையும் நன்றாகக் கலைத்தும் விட்டேன். திருடன் யாரும் என் கையிலிருந்து கத்தியைக் கொண்டுபோக முடியாதல்லவா?

பிறகு நான் வெட்டின வெட்டை நீ பார்த்திருக்க வேண்டும். பாதையின் நடுவில் ஒரு முள்மரம், என் இடுப்பு அகலம். ஒரே வீச்சு! மரத்துக்கே தான் விழுந்தது தெரியவில்லை, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் சாய்ந்தது. கத்தி வெயிலில் மின்னிய மின்னலில் உன் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். அதெல்லாம் சரி, மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் சிக்கல். சோற்றில் கை வைத்தால் கத்தி முதலில் போய் உட்காருகிறது. பக்கத்தில் இருந்தவன் தட்டோடு எழுந்து ஓடினான். தலையைச் சொறிந்தேன், எல்லோரும் குனிந்தார்கள். மேஸ்திரியக்கா, "அண்ணே, புண்ணியமாப் போகும், அந்தக் கைய மட்டும் ஆட்டாதீங்க" என்று கெஞ்சினார். உனக்குப் போன் போட்டால் நீ எடுக்கவில்லை. உன் பிறந்த தேதியைப் போட்டுப் பார்த்தேன், திறக்கவில்லை. உன் கல்யாணத் தேதியைப் போட்டேன், அதற்கும் அசையவில்லை. (இதை உன் வீட்டுக்காரியிடம் சொல்லாதே. சொன்னால் நான் பொறுப்பில்லை.) கடைசியில் ஒட்டடைக்குச்சியை எதிரில் உட்காரவைத்து, "ஒவ்வொரு நம்பராத் திருப்புடா" என்றேன். "எங்கேருந்துங்கய்யா?" என்றான். "மேலேருந்து கீழ வா. என் மருமகன் புத்திசாலி, சின்ன நம்பரெல்லாம் வெக்க மாட்டான்" என்றேன். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் ஆரம்பித்தான்.

அவன் பாதி தூரம் இறங்கியிருப்பான், ஆய்வாளரம்மா புதருக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டார். கையில் கிளையில் தொங்கிய அத்தனை கயிறும்! "இது என்ன, துணி காயப் போட்டிருக்கீங்களா? நான் சொன்னதுக்கு இதுதான் மரியாதையா?" என்றார். மேஸ்திரியக்கா அதிலிருந்து தன் கயிற்றை மட்டும் மெல்ல உருவப் பார்த்தார். அம்மா அட்டையைத் திருப்பிப் பேனாவைத் திறந்துவிட்டார். அவ்வளவுதான், வருஷத்து வேலை போயிற்று என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அந்த நேரம் பார்த்து உன் போன். பழக்க தோஷம், வலது கையால் எடுத்துக் காதில் வைத்தேன். கத்தி என் தோளைத் தாண்டிப் போய்த் திரும்பியது, ஒட்டடைக்குச்சி படுத்தேவிட்டான். "மாமா, பொண்ணு பொறந்திருக்கு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றாய். இந்த வார்த்தையைக் கேட்டபிறகு கையை ஆட்டாமல் இருப்பவன் தாய்மாமனா? இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக் குதித்தேன். போன் ஒரு பக்கம் போயிற்று. கத்தி சுழன்று அம்மாவின் தொப்பியைத் தட்டிக்கொண்டு போய்ப் பாதி வட்டத்தில் கம்பி இழுத்து நின்றது. வெட்டிக் குவித்திருந்த தழை மேல் அம்மா பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

அம்மா எழுந்தார். தழையைத் தட்டிவிட்டார். கிட்டே வந்தார். என் மணிக்கட்டைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், கத்தியை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, சொன்னால் நம்பமாட்டாய், சிரித்தார்! "கயிறு மாட்டச் சொன்னா எல்லாரும் கழட்டித்தான் எறிவாங்க. பூட்டே போட்டுக்கிட்ட மனுஷன இப்பதான் பாக்குறேன். பெரியவரே, நீங்க தெனமும் வேலைக்கு வருவீங்களா?" என்றார். "உயிருள்ளவரைக்கும்" என்றேன். "அப்ப வேலை இவங்களுக்குத்தான். மத்தவங்க கயிற மாட்டுறாங்களான்னு நீங்கதான் பார்த்துக்கணும். நீங்க வராத அன்னிக்கு வேலை கிடையாது" என்று அங்கேயே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். மேஸ்திரியக்கா அதைக் கேட்டதும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஆனந்தம்தான், வேறென்ன?

பூட்டு சாயங்காலம் திறந்துகொண்டது. மூன்று சுழியத்தில். கடைக்காரன் கொடுத்த நம்பரை மாற்றக்கூட இல்லையே நீ! ஒட்டடைக்குச்சி இன்னும் என்னோடு பேசவில்லை. விரலில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.

ஆக, உன் ஆட்கள் யாரும் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. நீ அவசரமாக ஓடிவராதே, பிள்ளையோடு இருந்து வா. குட்டிக்கு என் முத்தங்கள், அவள் அம்மாவுக்கு என் ஆசிகள், உனக்கு இரண்டும். நீடூழி வாழ்க, உங்கள் தூக்கம் மட்டும் இனிமேல் இல்லை.

இப்படிக்கு,
குடும்பத்தின் பாதுகாப்பு அதிகாரி,
உன் தாய்மாமன்

பின்குறிப்பு: உன் அத்தை இதைப் படித்துவிட்டு, "அத எழுதுறீங்களா, இல்ல நானே எழுதட்டுமா?" என்று பேனாவைப் பிடுங்க வருகிறாள், ஆகவே எழுதுகிறேன். கம்பியைக் கைப்பிடி ஓட்டையில் நுழைத்தபோது உறையின் வளையத்திலும் சேர்த்து நுழைத்துப் பூட்டிவிட்டேன். கத்தி அன்றைக்கு முழுதும் உறையை விட்டு வெளியே வரவேயில்லை. ஆதலால் முள்மரம், மின்னல் இதையெல்லாம் விட்டுவிட்டுப் படித்துக்கொள். மரத்தை வெட்டியது மேஸ்திரியக்கா. ஆனால் ஆய்வாளரம்மா சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் உண்மை. "இனி தினமும் இந்தப் பெரியவர் கையில் கத்தி இருக்கலாம், உறையைக் கழற்றக்கூடாது" என்பதும் அவர் கையெழுத்துப் போட்ட அதே தாளில் எழுதியிருக்கிறது.