எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் சம்பந்தமாக

படப்பை

பெறுநர்: தலைமை அலுவலர், பள்ளி மாணவர் வாழ்க்கை பற்றிய நெடுங்கால தேசிய ஆய்வு

மதிப்பிற்குரிய ஐயா (அம்மாவாக இருந்தால் மன்னிக்கவும்),

இங்கு நானும் மனைவி அலமுவும் மகள் பிரவீனாவும் நலம். அந்த நலம் மூன்று வருஷமாக உங்கள் டேப்லெட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. அதில் பாதி பொய் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் ஒரகடத்தில் கார் சீட்டு தைக்கிற கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். என் மகள் பத்தாவது படிக்கும்போது, நாடு முழுக்கப் பொறுக்கி எடுத்த பிள்ளைகளில் அவளும் ஒருத்தி, இருபத்தைந்து வயசு வரைக்கும் வருஷம் ஒருமுறை வந்து விசாரிப்போம் என்று காந்திமதி மேடத்தை அனுப்பினீர்கள். பக்கத்து வீட்டு சாம்சன், "அண்ணே, ரேஷன் கார்டை கட் பண்ண வர்றாங்க, ஃப்ரிட்ஜ மறைச்சிடு" என்றான். தூக்கிக்கொண்டு போய் அவன் வீட்டில் வைத்தோம். மேடமும் ஃப்ரிட்ஜ் இல்லை என்று எழுதிக்கொண்டார். வெயிலில் வந்தவருக்கு அலமு ஓடிப்போய் அங்கிருந்து ஜில்லென்று மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மேடம் டம்ளரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், குடித்தார்.

அடுத்த வருஷம் அதே சாம்சன் வந்து, "நல்லா படிக்கிற பிள்ளைக்கு காலேஜ் சீட்டு தராங்களாம், கெத்தா காட்டு" என்றான். ஆகவே எங்க ஃப்ரிட்ஜ் பக்கத்துல அவன் ஃப்ரிட்ஜையும் கொண்டாந்து வெச்சோம். "போன வருஷம் ஒண்ணுமில்ல, இந்த வருஷம் ரெண்டா சார்?"னு மேடம் கேட்டாங்க. ஓ.டி. நிறைய பார்த்தேன்னு சொன்னேன். பொண்ணு வீட்டுல எவ்ளோ நேரம் படிக்குதுன்னாங்க, பன்னெண்டு மணி நேரம்னேன். அலமு சும்மா இருக்காம உள்ளேருந்து தூக்கம் பத்து, ஸ்கூல் எட்டுன்னுட்டா. கூட்டினா ஒரு நாளைக்கு முப்பது மணி வருது. டேப் ஒத்துக்கலை.

அதெல்லாம் போவட்டும் சார், என் புகார் வேற. ஒவ்வொரு வருஷமும் எங்களை வெளிய அனுப்பிட்டு, கதவைச் சாத்திக்கினு மேடம் பிரவீனாகிட்ட நாப்பது நிமிஷம் பேசறாங்க. இந்த வருஷம் நான் கதவுல காதை வெச்சுக்கினு நின்னேன். உள்ள சிரிக்கிறா சார்! எங்கிட்ட அவ சிரிச்சு எவ்ளோ நாளாச்சு தெரியுமா? பிளஸ் டூ ரிசல்ட் வந்துடுச்சு, காலேஜ் அப்ளிகேஷனுக்கு எட்டு நாள்தான் கீது. இன்னா படிக்கப் போறேன்னு கேட்டா "உங்க இஷ்டம்ப்பா"ங்கறா. பி.காம். படிச்சுட்டு எங்க கம்பெனி ஆபீஸ்லயே ஒக்காந்துடு, நானே கூட்டிக்கினு போய் கூட்டிக்கினு வரேன்னேன். சரின்னா, ஆனா மூஞ்சி சரின்னு சொல்லலை. மேடத்தைக் கேட்டா, "பிள்ளை சொன்னதை அப்பாகிட்ட சொல்ல விதியில்ல சார்"னுட்டாங்க. பெத்தவனுக்குத் தெரியாது, உங்க டேப்புக்குத் தெரியும். இன்னா நியாயம் இது? வயிறு எரியுது சார்.

ஆகவே, என் மகள் என்ன படிக்க விரும்புகிறாள் என்ற அந்த ஒரு பதிலை மட்டும் கவரில் வைத்து அனுப்பவும். இல்லையென்றால் எங்கள் பெயரை அடித்துவிடவும். மேடம் இனி எங்கள் வாசலை மிதிக்க வேண்டாம்.

வல்லக்கோட்டை முருகன் உங்களையும், உங்கள் ஆபீஸையும், கோபமிருந்தாலும் காந்திமதி மேடத்தையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
மு. புருஷோத்தமன்

பி.கு.: கவர் ஒட்ட பசை கேட்டேன், பிரவீனா லெட்டரைப் பிடுங்கிப் படிச்சுட்டா. "அந்த மேடம் கேள்வி கேட்டுட்டு வாயை மூடிக்கினு இருப்பாங்கப்பா. நீங்க கேள்வியும் கேட்டு பதிலையும் நீங்களே சொல்லிடறீங்க"ன்னா. சரின்னு கதவைச் சாத்திக்கினு எதிர்ல ஒக்காந்தேன். அலமு வெளிய நின்னா. நாப்பது நிமிஷம் நான் வாயே தொறக்கலை, உசுரு போயிடுச்சு சார். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கணுமாம். மேடம் மாதிரி வூடு வூடா போய் கேள்வி கேக்கணுமாம். "ஃப்ரிட்ஜ மறைக்கிற வூட்டை வாசல்லயே கண்டுபிடிச்சுடுவேன், எனக்கு அனுபவம் கீதுப்பா"ன்னு சொல்லிட்டு சிரிச்சா. எங்கிட்ட சார். கையோட அப்ளிகேஷன் போட்டாச்சு. மேலே எழுதினதெல்லாம் ரத்து. அடுத்த வருஷம் மேடத்தைக் கண்டிப்பா அனுப்பவும். ஃப்ரிட்ஜ் ஒண்ணே ஒண்ணுதான், எழுதிக்கவும்.