முதல் வரிசை நீலக் கோட்டு

யாரோ ஒரு பெண்மணியின் புத்தம்புதிய பிரஷர் குக்கரை நெஞ்சோடு அணைத்தபடி, கரோல் பாக் மெட்ரோ வாசலில் நின்றுகொண்டிருந்தார் சதாசிவம். காலடியில் அவர் வாங்கிய டிராலி பெட்டி. தலைக்கு மேல் ஜூன் மாத டெல்லி வெயில்.

"பாய்சாப், தோ மினிட்! துப்பட்டா கலர் மாத்திட்டு ஓடி வந்துடறேன்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனவள். போய் இருபது நிமிடம் ஆகிறது.

எல்லாம் சட்டையில் குத்தியிருந்த அந்த பேட்ஜால் வந்தது. இரண்டு கைகள் கோத்துக்கொண்டிருக்கும் பித்தளை பேட்ஜ். மயூர் விஹார் 'நேசக்கரம்' சேவா கிளப்பின் உறுப்பினர்கள் முப்பத்தொரு பேரும் அணிவது. சாயங்காலக் கூட்டத்துக்கு மறந்துவிடப் போகிறதே என்று காலையிலேயே குத்திக்கொண்டு கிளம்பியிருந்தார். அதைப் பார்த்துத்தான் அந்தப் பெண்மணி, "ஓ, சேவா கிளப்பா! ரொம்ப நல்லது" என்று குக்கரைக் கொடுத்தாள்.

நேசக்கரத்துக்கு இரண்டே விதிகள். ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று சொல்வார்கள். ஒன்று, உதவி என்று யாராவது கேட்டால் மறுக்காதே. இரண்டு, உனக்கென்று எந்தப் பதவியும் கேட்காதே.

இந்த இரண்டு விதிகளையும் வைத்துக்கொண்டு ஒரு கிளப்புக்குத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? 'நான் நிற்கிறேன்' என்று யாரும் சொல்லக்கூடாது. 'நீங்கள் இருங்கள்' என்று கேட்டுவிட்டால் மறுக்கக்கூடாது. அதனால் யாரும் யாரையும் முகத்துக்கு நேராகக் கேட்பதில்லை. அன்றைக்கு யார் கூட்டத்துக்கு வரவில்லையோ, அவரை ஏகமனதாகத் தலைவராக்கிவிடுவார்கள். எங்கும் எழுதப்படாத இந்த வழக்கத்தின் புண்ணியத்தில், கண் சிகிச்சை முகாமுக்கு எட்டுப் பேர் வந்தாலே அதிசயமான கிளப்பில், ஆண்டுக் கூட்டத்துக்கு மட்டும் முப்பத்தொரு பேரும் வந்துவிடுவார்கள். போன வருடம் ரமேஷ்குமார் தண்ணீர் குடிக்க வெளியே போனார். திரும்பி வந்தபோது அவர்தான் தலைவர்.

இன்று நான்கு மணிக்கு ஆண்டுக் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் தலைவர் தேர்தல் ஐந்தாவது பொருள்.

சதாசிவம் இன்று போயே ஆகவேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் தலைவராக இருந்தபோது, தன் கல்யாணத்தின் வெள்ளிவிழா நாளில் கண் முகாமில் நின்றுவிட்டு, மிச்சமான இலவசக் கறுப்புக் கண்ணாடிகள் ஒரு டஜனோடு வீட்டுக்கு வந்தவர் அவர். வசுமதி இன்னும் அதை மறக்கவில்லை. மத்திய அரசு வேலையில் இருந்தவரை எல்.டி.சி. பயணச் சலுகை எல்லாம் திருநெல்வேலிக் கல்யாணங்களுக்கே போய்விட்டது. ரிட்டையர் ஆனபிறகு, இப்போதுதான் முதல்முறையாக இருவருமாக ஸ்ரீநகருக்கு டிக்கெட் எடுத்திருக்கிறார்கள். ஜூலை ஒன்றாம் தேதி. கிளப்பின் பதவியேற்பு விழா ஜூலை முதல் ஞாயிறு.

"அந்தத் தலைவர் சங்கிலியை மறுபடியும் கழுத்துல மாட்டிக்கிட்டு வந்தீங்கன்னா, நான் தனியா தால் ஏரியில படகு விடறேன். நீங்க இங்கயே கண் முகாம் நடத்துங்க" என்று வசுமதி காலையிலும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

மூன்று இருபதுக்கு அந்தப் பெண்மணி வந்தாள். துப்பட்டா கலர் மாறவில்லை.

மெட்ரோவில் போனால் நேரமாகும், ஞாயிற்றுக்கிழமை ரோடு காலியாக இருக்கும் என்று கணக்குப் போட்டு ஆட்டோவில் ஏறினார். ஏறியதும் கிளப் செயலாளர் இளஞ்செழியனுக்குப் போன் செய்தார். நொய்டாவில் ஐ.டி. வேலை பார்க்கும் பையன். எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வான்.

"அங்கிள், எங்க இருக்கீங்க? இங்க இப்பவே ஃபுல் ஹவுஸ்."

"மணி மூணரைகூட ஆகலையேப்பா!"

"பயம் அங்கிள். ராமசுப்ரமணியன் சார் நூத்தியொரு டிகிரி ஜுரத்தோட வந்து சேர்ல சாஞ்சிருக்கார். ஜோதிலிங்கம் சார் வழக்கம்போல மூணே காலுக்கே வந்தாச்சு. முதல் வரிசை, நீலக் கோட்டு, மடியில ஃபைல்."

சதாசிவத்துக்குச் சிரிப்பு வந்தது. சதாசிவம் குடியிருக்கும் அதே கட்டடத்தில் நாலாவது மாடிக்காரர் ஜோதிலிங்கம். வருடா வருடம் ஆண்டுக் கூட்டத்துக்கு முதலில் வருபவர் அவர்தான். நாற்பத்து மூன்று டிகிரி வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார். அந்த ஃபைலில், தலைவராக்கிவிட்டால் காட்டித் தப்பிப்பதற்கு டாக்டர் சர்ட்டிஃபிகேட்டுகளை வைத்திருக்கிறார் என்று கிளப்பில் பேச்சு. பாவம், எல்லாரையும்விட அதிகம் பயந்தவர்.

"செழியா, நான் வர்றதுக்குள்ள அஞ்சாவது பொருளை எடுத்துடாதே. ஆண்டறிக்கையைக் கொஞ்சம் இழுத்துப் படி."

"கம்பளி கொடுத்ததை ஒவ்வொரு கம்பளியா படிக்கறேன் அங்கிள். நாலரை வரைக்கும் தாங்கும்."

யமுனை மேல் நிஜாமுதீன் பாலத்தின் நடுவில் ஆட்டோ இருமியது. பிறகு நின்றது.

டிரைவர் கீழே இறங்கி எஞ்சினைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியாக பேட்ஜைப் பார்த்தார்.

"சாப், நீங்க சேவா கிளப்தானே? கொஞ்சம் தள்ளுங்க."

சதாசிவம் தள்ளினார். பாலம் மேடாக இருந்தது. வேறு ஆட்டோ பிடித்துப் போய்விடலாமே என்று அவர் நினைத்த அதே நொடியில், "உங்களை மாதிரி ரெண்டு பேர் இருந்தா இந்த ஊர் சொர்க்கம் சாப்" என்றார் டிரைவர். அதற்குப் பிறகு எப்படிப் போவது? அவசரமாக பேட்ஜைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். தாமதமான யோசனை.

மணி நான்கு ஐந்து. வண்டி அசைவதாக இல்லை. அப்போதுதான் அவருக்கு ஜோதிலிங்கத்தின் ஸ்கூட்டர் நினைவுக்கு வந்தது.

"ஜோதிலிங்கம் சார், ஒரு உதவி கேக்கலாமா?"

"சொல்லுங்க சார்." ஜோதிலிங்கத்தின் குரல் எப்போதும் ரகசியம் பேசுவது போலத்தான் இருக்கும்.

"நிஜாமுதீன் பாலத்துல மாட்டிக்கிட்டேன். உங்க ஸ்கூட்டர்ல வந்து கூட்டிட்டுப் போகமுடியுமா? பத்து நிமிஷ வேலை. நாலரைக்குள்ள ரெண்டு பேருமே உள்ள உக்காந்துடலாம்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"கேட்டுட்டீங்க. மறுக்க முடியுமா? வரேன் சார்."

அவர் போனை வைத்த ஐந்தாவது நிமிடம் ஆட்டோ கிளம்பிவிட்டது.

"சலியே சாப்!" டிரைவர் பறந்தார். சதாசிவம் ஜோதிலிங்கத்துக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்கூட்டர் ஓட்டுகிறவர் எப்படி எடுப்பார்? பாலம் இறங்கும் இடத்தில், எதிர்ப்பக்கச் சாலையில், கோட்டின் இரண்டு நுனிகளும் சிறகுபோல் பறக்க ஒரு நீல உருவம் விரைந்து போவதைக் கண்டார்.

"ஜோதிலிங்கம்! ஜோதிலிங்கம் சார்!"

ஆட்டோவிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார். நீலக் கோட்டு திரும்பிப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் என்ன கேட்கும்?

கிளப் ஹாலுக்குள் நுழைந்தபோது மணி நான்கு இருபத்தெட்டு. இளஞ்செழியன் நூற்று எழுபத்தோராவது கம்பளியைக் கொடுத்துக்கொண்டிருந்தான். சதாசிவம் வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததும் கம்பளிகளை அப்படியே போர்த்திவிட்டு, "அடுத்து, ஐந்தாவது பொருள்" என்றான்.

முப்பது தலைகள் மெல்லத் திரும்பி ஹாலை அளந்தன. காலியாக ஒரே ஒரு நாற்காலி. முதல் வரிசையில். அதன் மேல் ஒரு ஃபைல் மட்டும் உட்கார்ந்திருந்தது.

சதாசிவம் கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம், அவர் எனக்காகத்தான்..." என்று எழப் போனார். பக்கத்தில் ஜுரத்தோடு சாய்ந்திருந்த ராமசுப்ரமணியன் அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"உக்காரும் ஐயா! எழுந்து நின்னா நீரே ஒத்துக்கிட்டதா எழுதிடுவா!"

ஸ்ரீநகர் டிக்கெட் கண்முன் ஆடியது. வசுமதி முகம் ஆடியது. அந்த ஒரு நொடி தயக்கத்துக்குள் ஹால் முழுவதும் கைதட்டி முடித்துவிட்டது. இருபத்தொன்பது பேரின் முகத்திலும் பல் பிடுங்கி முடித்த நிம்மதி. முப்பதாவது ஆளுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அதை நினைத்துத்தான் அவருக்கு வெட்கமாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும் இளஞ்செழியன் வந்தான். கையில் வெல்வெட் பெட்டி. தலைவர் சங்கிலி.

"அங்கிள், ஜோதிலிங்கம் சாருக்கு மெசேஜ் போட்டுட்டேன். நீங்க ஒரே பில்டிங்தானே? இதையும் அவர் ஃபைலையும் கொடுத்துடறீங்களா? ஒரு உதவியா கேக்கறேன்."

ஒரு கையில் டிராலி பெட்டி, இன்னொரு கையில் சங்கிலிப் பெட்டி, கக்கத்தில் ஃபைல். இந்தக் கோலத்தில் சதாசிவம் வீட்டுக் கதவைத் தட்டினார்.

வசுமதியின் கண் நேராக வெல்வெட் பெட்டிக்குத்தான் போனது.

"வந்துடுச்சா!" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய், கட்டிலில் அடுக்கி வைத்திருந்த ஸ்வெட்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப வைக்க ஆரம்பித்தாள்.

"வசு, நில்லு. இது எனக்கு இல்லை!"

"பின்னே, உங்க டிராலிக்கா?"

அவர் குக்கரிலிருந்து நீலக் கோட்டு வரை எல்லாவற்றையும் சொன்னார். கேட்கக் கேட்க வசுமதி ஸ்வெட்டர் அடுக்குவதை நிறுத்தினாள். அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை.

"உங்களைக் கூட்டிட்டு வரத்தானே அந்த மனுஷர் வெயில்ல வண்டியை எடுத்துட்டு ஓடினார்?"

"ஆமா."

"நீங்க பாட்டுக்கு உள்ள போய் உக்காந்து கைதட்டினீங்களா?"

"தட்டலை. தட்டாமதான் இருந்தேன்."

"ரொம்பப் பெரிய தியாகம்!" அவள் கையிலிருந்த ஸ்வெட்டரைப் போட்டாள். "வாங்க மாடிக்கு. அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, அந்தச் சங்கிலியை நீங்களே மாட்டிக்கோங்க."

"வசு! ஸ்ரீநகர்?"

"ஏரி எங்கயும் ஓடிப்போயிடாது. பாவம் பண்ணிட்டுப் படகுல உக்காந்தா எனக்கு என்ன இனிக்கும்?"

முப்பத்தொரு வருடமாக இவளோடு குடும்பம் நடத்துகிறார். இப்போது புதிதாகக் கல்யாணம் ஆனவர்போல், பெட்டியும் ஃபைலுமாக அவள் பின்னாலேயே மாடி ஏறினார்.

நாலாவது மாடியில் கதவைத் திறந்தவள் ஜோதிலிங்கத்தின் மனைவி சுபாஷிணி. கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. இன்னும் அழுதுகொண்டிருந்தாள். சதாசிவத்தின் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. வசுமதி முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினாள்.

ஜோதிலிங்கம் சோபாவில் உட்கார்ந்திருந்தார். கோட்டு இன்னும் உடம்பில்தான் இருந்தது. வியர்வையில் நீலம் கறுப்பாகியிருந்தது. கையில் போன், அதிலிருந்த மெசேஜையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டீங்களா சார்! பாலத்தை மூணு சுத்து சுத்தினேன். உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன்" என்றார்.

இதைக் கேட்டு சதாசிவத்துக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

"சார், தப்பு என்னுது. நான் கூப்பிடாம இருந்தா நீங்க உங்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டீங்க. இந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கறேன். செழியன்கிட்ட இப்பவே பேசறேன். உங்க டாக்டர் சர்ட்டிஃபிகேட் ஃபைலும் பத்திரமா இருக்கு பாருங்க. இதுல ஒண்ணைக் காட்டினாலே போதும், சுலபமா மாத்திடலாம்."

ஃபைலை சுபாஷிணி வாங்கிக்கொண்டாள். வெல்வெட் பெட்டியை, எதற்கும் ஒருமுறை பார்க்கட்டும் என்று ஜோதிலிங்கத்தின் மடியில் வைத்தார் சதாசிவம். அவர் அதைத் திறந்து பார்த்தார். பிறகு மூடினார்.

"கொடுங்க சார்" என்று சதாசிவம் கை நீட்டிப் பெட்டியைப் பிடித்தார்.

பெட்டி வரவில்லை.

இன்னும் கொஞ்சம் இழுத்தார். எப்போதும் ரகசியக் குரலில் பேசும் ஜோதிலிங்கம், யமுனைப் பாலத்தின் தூணைப்போல் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க சார், என்னால உங்களுக்குக் கஷ்டம் வேண்டாம்!"

"அண்ணா!" சுபாஷிணி ஃபைலோடு குறுக்கே வந்து நின்றாள். அவள் அழுகையும் சிரிப்புமாக இருந்தாள் என்பதை அப்போதுதான் சதாசிவம் கவனித்தார். "புண்ணியமாப் போகும், அதை அவர்கிட்டயே விட்டுடுங்க. இதுல இருக்கிறது டாக்டர் சர்ட்டிஃபிகேட் இல்லைண்ணா, பன்னிரண்டு வருஷமா எழுதி வெச்ச ஏற்புரை. வேணும்னே வராம இருந்தா அது பதவி கேட்ட மாதிரி ஆயிடும்னு ஒரு வருஷமும் தவறாம வந்தார். கேட்டா மறுக்கக்கூடாதுன்னு விதி போட்டீங்களே, முதல் வரிசையில கோட்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தவரை ஒரு வருஷமாவது யாராவது கேட்டீங்களா?"