பிளவின் மேல் பள்ளிக்கூடம்

உலக நிலவியல் வரலாறு இனி இரண்டு காலங்களாகப் பிரிக்கப்படும்: ரஞ்சிதா குழி வெட்டுவதற்கு முன், வெட்டிய பின்.

சேந்தமங்கலத்தை அடுத்த ஒரு கிராமத்தில், பள்ளிக்கூடம் கட்ட ஒதுக்கிய நிலத்தில் பழைய நிலநடுக்கங்களின் தடம் தேட அவளை அனுப்பியிருந்தார்கள். முதுகலை நிலவியல் படித்தவள். கல்லிடம் சரளமாகப் பேசுவாள், மனிதர்களிடம்தான் தடுமாற்றம்.

பொக்லைன் வெட்டிய குழிக்குள் இறங்கிப் பார்த்தாள். நேராக ஓடிவந்த கூழாங்கல் அடுக்கு ஓரிடத்தில் அறுபட்டு, ஒரு முழம் கீழிறங்கித் தொடர்ந்தது. எப்போதோ பூமி இங்கே பிளந்து இறங்கியிருக்கிறது. பிளந்த இடத்திலேயே மறுபடியும் பிளக்கக்கூடும். இதன் மேல் பிள்ளைகளை உட்காரவைக்கக் கூடாது.

ஊரும் சும்மா இருக்கவில்லை. மாரியம்மன் கோயிலில் பூப்போட்டுப் பார்த்திருந்தது. வெள்ளைப் பூ வந்தால் கட்டலாம். சிவப்பு வந்தால் கூடாது. சிவப்பு வந்தது.

மார்ச்சுக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் நிதி திரும்பிப் போய்விடும். ஊராட்சித் தலைவர் செங்கோடன் அவசரக் கூட்டம் போட்டு 'மேல்முறையீடு' செய்தார்.

"ஆத்தா வேண்டாம்னு சொல்லிப்போட்டாளுங்க. சயின்ஸ் என்னங்க சொல்லுது?"

ரஞ்சிதா எழுந்தாள். "முன்னாடி ஒரு தடவை நெலம் பொளந்திருக்குதுங்க."

"எப்பங்க?"

"ரெண்டாயிரம் வருசம் இருக்கலாம். அஞ்சாயிரமும் இருக்கலாங்க."

"மறுக்காப் பொளக்குமா?"

"உறுதியாச் சொல்ல முடியாதுங்க."

"அப்ப, பொளக்காதுங்களா?"

"அதையும் சொல்ல முடியாதுங்க."

வார்டு உறுப்பினர் மாரக்காள் பொறுமையிழந்தார். அவருடைய பேத்தி அடுத்த வருடம் ஒன்றாம் வகுப்பு. "ஏஞ்சாமி, உம்பட புள்ளைய இங்க சேப்பியா, மாட்டியா? அத மட்டும் சொல்லு."

'மாட்டேன்' என்ற சொல் தொண்டை வரை வந்தது. ஆனால் பிளவின் வயதைச் சொல்லும் காலக்கணிப்பு முடிவுகள் இன்னும் வரவில்லை. பிழை வரம்பு தெரியாது. தவிர, அவளுக்கு இன்னும் திருமணமும் ஆகவில்லை. ஆகவே, அறிவியல் நேர்மை சிறிதும் குன்றாமல், தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா!" என்றார் செங்கோடன். "படிச்ச புள்ள வாயில வேண்டாம்னு ஒரு வார்த்தை வரலையே!"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மாரக்காளும் கை தூக்கினார், மெதுவாக.

அடிக்கல் நாட்டு விழாவில் முதல் பொன்னாடை ரஞ்சிதாவுக்கு. அதையும் மறுக்கத் தெரியாமல் வாங்கிக்கொண்டாள். செங்கோடன் ஒலிபெருக்கியில் ஊருக்கே அறிவித்தார்:

"ஆத்தாளே தடுத்துப் பாத்தா! கட்டுங்கன்னு உட்டது இந்தப் புள்ளதானுங்க!"