மைனாவுக்கு நான் நடத்திய பாட்டு வகுப்பு

பயத்தில் வாய் உலர்ந்துவிட்டால் விசில் வராது. பலருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும்.

அறுபதுகளின் கடைசியில் பள்ளத்தூரில் தற்காலிக அறிவியல் ஆசிரியராக இருந்தேன். பெரிய வீடொன்றின் பின்கட்டில் வாடகை அறை. அங்கே கூட்டிலிருந்து விழுந்த மைனாக் குஞ்சு கிடைத்தது. குஞ்சுகள் பெரிய பறவைகளைக் கேட்டுத்தான் பாடப் பழகும் என்று வகுப்பில் நடத்தியவன் நான். இதற்கு அப்பன் இல்லையே! நானே அப்பனானேன். தினமும் காலையில் கூண்டைக் கொல்லைக் கதவருகே மாட்டி, நீட்டி ஒரு விசில், குட்டையாக இரண்டு. (என் சங்கீத ஞானம் அவ்வளவுதான்.)

அந்த ஊர் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். மூடிய கதவுக்கு வெளியே பெண்கள் ஊருணிக்குப் போகும் பாதை இருப்பது வெளியூர்க்காரனான எனக்குத் தோன்றவே இல்லை. ஏதோ பாத்திரச் சத்தம் கேட்டாலே குஞ்சு விசிலடிக்கும். பூரித்துப்போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதவை யாரோ இடித்தார்கள். திறந்தால், நிலையை அடைத்துக்கொண்டு அண்ணன் தம்பி இருவர். பின்னால் குடத்தோடு அவர்கள் தங்கை.

"படிச்சவுக நீங்க. பொம்பளைக போற பாதையில விசிலடிக்கிறீகளே, நாயமா சார்?" என்றார் அண்ணன். "ஹெட்மாஸ்டர்கிட்டப் போவமா?"

ஹெட்மாஸ்டர் காதுக்குப் போனால் வேலை போய்விடும். அதற்கு முன் பல் போய்விடும் போலிருந்தது.

"நா... நான் இல்லீங்க. மைனா."

"எங்க, அடிக்கச் சொல்லுங்க."

மைனா இறகைக் கோதிக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுத்தால் தொடரும் என்று உதட்டைக் குவித்தேன். வெறும் காற்றுதான் வந்தது. எச்சிலை விழுங்கி, கண்ணை மூடி, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி ஊதினேன். விசில் வந்தது. கண்ணைத் திறந்தால், தங்கை எனக்கு நேர் எதிரே நிற்கிறாள். தம்பி வேட்டியை மடித்துக் கட்டினான்.

அப்போதுதான் மைனா அடித்தது. நீட்டி ஒன்று, குட்டையாக இரண்டு.

"அட, மைனாதாண்ணே!" என்றாள் தங்கை.

அண்ணன் யோசித்தார். "சரி. மைனாவுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"பச்சப் பிள்ளைய இப்பிடிக் கெடுத்து வச்சிருக்கீகளே!" என்று கூண்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வேலை தப்பியது. மைனா அவர்கள் வீட்டில் ஒழுக்கமாக வளர்ந்தது, அங்கிருந்த பெரியவர்களைக் கேட்டுப் புதுப்பாடமும் படித்தது. என் தலை தெருவில் தெரிந்தாலே அண்ணன் குரலில் முழங்கும்: "விசில் வாத்தி வாரான், உள்ள போ புள்ள!"

சில வருடம் கழித்துக் காரைக்குடிக்குப் பெண் பார்க்கப் போனேன். உட்கார்ந்ததும் உள்ளறையிலிருந்து மெதுவாக அதே வாசகம் வந்தது. வியர்த்துக் கொட்டிவிட்டது. சொன்னது மைனா அல்ல, பெண்தான்; பள்ளத்தூர் மைனாவின் கதை காரைக்குடி வரை போயிருந்தது.

அவளையே கட்டிக்கொண்டேன். இன்றும் நான் கதவைத் தட்டினால் அதைச் சொல்லிவிட்டுத்தான் திறக்கிறாள். எங்கள் பேத்திக்கு இன்னும் பேச்சு சரியாக வரவில்லை. அது மட்டும் தெளிவாக வருகிறது.