சுர்ரு மாஸ்டருக்குச் சம்பளத்தோடு லீவு

லீவு எடுத்துக்கொள் என்று சொன்னதற்காக முதலாளியம்மாவோடு முறைத்துக்கொண்டு போன ஒரே மனுஷர், இந்த உலகத்தில் எங்கள் சுர்ரு மாஸ்டராகத்தான் இருக்கும்.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்பக்கச் சந்தில் என்னுடைய டிபன் கடை. அதில் தோசைக்கல் அவருடைய ராஜ்யம். கல்லில் தண்ணி தெளித்து, தலையைச் சாய்த்து, அந்தச் 'சுர்ரு' சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்பார். சத்தம் சரியில்லையென்றால் கலெக்டரே காத்திருந்தாலும் மாவு ஊற்ற மாட்டார். அப்படி வந்த பெயர். சொந்தப் பெயர் அவர் வீட்டுக்காரிக்காவது ஞாபகம் இருக்குமோ என்னவோ.

பெண்ணுக்குக் கல்யாணம் என்ற அன்றைக்கும் பட்டு வேட்டியோடு வந்து, காலைக் கூட்டத்தை அனுப்பிவிட்டுத்தான் மண்டபம் போனார். பெண்ணோட அப்பா வரட்டும் வரட்டும் என்று வாசித்துக்கொண்டே இருந்ததில் நாயனக்காரருக்கு வாய் வீங்கிப்போனதாம். பெருமழையில் தெருவெல்லாம் தண்ணி நின்ற அன்று கடைப் பக்கம் யாருமே வரவில்லை. இவர் மட்டும் நடந்தே வந்து அடுப்பைப் பற்றவைத்து, ஒதுங்கியிருந்த பூனைக்கு நெய் ரோஸ்ட் போட்டுக் கொடுத்தார்.

இப்படி இருக்கையில் புதுச் சட்டம் வந்தது. எனக்குப் படிப்பு கையெழுத்தோடு சரி. கணக்குப் பார்க்கிற பிள்ளை வந்து விளக்கினான். முன்னைவிடக் குறைந்த நாள் வேலை செய்தாலே சம்பளத்தோடு லீவு சேர்ந்துவிடுமாம். எடுக்காமல் நிற்கிற லீவுக்கும் பணம் கொடுக்க வேண்டி வருமாம். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால், இத்தனை வருஷத்தில் ஒரு அதிகாரியும் என் வாசலில் நின்று கேள்வி கேட்டதில்லை. இனிமேலும் கேட்க விட மாட்டேன்.

என் கடையில் வேலை செய்கிற மற்றவர்கள் லீவு என்றதும் ஊருக்குப் பை கட்டினார்கள். மாஸ்டர் மட்டும் அசையவில்லை. நான் விடவில்லை. ஒரு வார லீவுச் சம்பளத்தை முன்கூட்டியே, மரியாதையாக, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தன் தோசைத் திருப்பியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

வெங்காயம் நறுக்குகிற பிரமிளாதான் கேட்டாள்: "யம்மா, மாஸ்டருக்குக் கணக்கு முடிச்சிட்டியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓட்டல் தொழிலில் நடு மாசத்தில் கையில் பணம், கூடவே வெற்றிலை பாக்கு என்றால் ஒரே அர்த்தம்தான்: நாளையிலிருந்து வராதே.

ஆட்டோ பிடித்துச் சைதாப்பேட்டையில் அவர் வீட்டுக்கு ஓடினேன். வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆழ்வார்பேட்டை ஓட்டல் ஒன்றில் நாளைக்கே வரச் சொல்லியிருப்பதாக அவர் வீட்டுக்காரி சொன்னாள். அந்தக் கை போனால் என் கடையும் போச்சு.

சட்டத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"வேல செய்யாதவனுக்குத் துட்டு குடுப்பியா நீ? கறிவேப்பிலக் காம்பக்கூட தூக்கிப்போட வுடமாட்ட. உன்னிய எனுக்குத் தெரியாதாமா?"

"நானா குடுக்கறேன்? சட்டம் குடுக்கச் சொல்லுது. உன்னை நிறுத்தணும்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போறேன். எனக்கு என்னய்யா பயம்?"

அதைக் கேட்டுத்தான் கொஞ்சம் யோசித்தார்.

"அப்போ நான் வராத நாளுக்கும் சம்பளம் கீது. திரும்பி வந்தா வேலையும் கீது?"

"இருக்கு."

"அதுவரைக்கும் கல்லாண்ட யாரு?"

பிரமிளா என்றேன். ஐயோ என்று எழுந்தே நின்றுவிட்டார். இரண்டு நாள் லீவு போதும் என்றார். ஒரு வாரம் என்றேன். மூன்று என்றார். ஆறு என்றேன். முதலாளி ஏற்ற, வேலைக்காரர் இறக்க, இப்படி ஒரு பேரத்தை அந்தத் தெரு பார்த்திருக்காது. கடைசியில் நாலு நாளில் படிந்தது. ஆழ்வார்பேட்டைக்காரனுக்கு வர முடியாது என்று சொல்லிவிடும்படி வீட்டுக்காரியிடம் அவர் முனகியது என் காதில் விழுந்தது.

திரும்பி வந்து இறங்கினபோது ஆட்டோக்காரர் பேசினதைவிடக் கூடக் கேட்டார். கறிவேப்பிலைக் காம்பைக்கூட விடாத நான், என்ன ஏது என்று கேட்காமல் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.